ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ்

சன்னல் பக்கம் நீங்களே இருங்க அண்ணாச்சி. கண்ணாடிய மட்டும் கொஞ்சம் மூடிக்கிடுங்க. காத்து அடிச்சா எனக்குத் தொண்டை கட்டிக்கிடும், இன்னைக்கு எனக்குத் தொண்டை வேணும். இந்தப் பை காலுக்கு நடுவுல இருக்கட்டும், உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே? மேல வைக்கப் பயமா இருக்கு. எங்கயாவது பள்ளத்துல தூக்கிப் போட்டான்னா ஜாரு ஒடஞ்சிரும். மிக்ஸிதான். கடையில வாங்கினது இல்ல, நானே பாகம் பாகமாச் சேத்துப் பூட்டினது.

எண்ட் டு எண்ட் பஸ்ஸு பாத்தியளா, நடுவுல எங்கயும் நிக்காது. கண்டக்டரும் டிக்கெட்டக் குடுத்துட்டு திருநெல்வேலியிலயே எறங்கிட்டாரு. நாகர்கோயில் வார வரைக்கும் என் பேச்சுல இருந்து நீங்க தப்பிக்க முடியாது.

கோர்ட்டுக்குப் போறேன். பயப்படாதீங்க, களவுக் கேஸு இல்ல. குடும்ப கோர்ட்டு. நானும் என் வீட்டுக்காரி பியூலாவும் பிரியுதோம்னு எழுதிக் குடுத்திருக்கு. போன தடவ அவ வரல, அவ அண்ணன் ஜெயசிங்தான் அவளுக்குப் பதிலா வந்து நின்னான். இன்னைக்கு அவளே வாரா, அயர்லாந்துல இருந்து. ஜட்ஜு ரெண்டு பேரையும் நிறுத்தி சம்மதமான்னு கேப்பாராம். சம்மதம்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. அவர் கூப்புடுததுக்கு முன்னால அவகிட்ட நான் ஒரே ஒரு கேள்வி கேக்கணும் அண்ணாச்சி. அதுக்கு அவ பதில் சொல்லிட்டா, முன்ன ஒரு நாளு அவ என்கிட்ட கேட்டத நான் செஞ்சு குடுத்திருவேன். செஞ்சு குடுத்துட்டா அப்புறம் எதுக்கு சம்மதம்னு சொல்லப் போறா? அந்த நம்பிக்கையிலதான் வண்டி ஏறியிருக்கேன்.

எம்பேரு இஸ்ரவேல். பாளையங்கோட்டையில மிக்ஸி, கிரைண்டர், ஃபேனு ரிப்பேர் பாக்க கடை வச்சிருக்கேன். பியூலா அங்கனயே ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸு. வெளிநாடு போகணும்னு அவளுக்கு ஆசை. ஆசைன்னா, சொல்லப்போனா எனக்குத்தான் ஆசை. 'இங்கனயே இருந்துக்கிடுவோம் அத்தான், நம்ம ரெண்டு பேரு சம்பாத்தியம் போதும்லா'ன்னுதான் அவ சொன்னா. நான் விடல. கூறுகெட்டவளே, உன்கூடப் படிச்சவளுவ எல்லாம் லண்டன்ல இருக்காளுவ, நீ இங்கன பெட்பேன் கழுவிக்கிட்டு இருக்கணுமான்னு சத்தம் போட்டு, இங்கிலீஷ் கோச்சிங்குல கொண்டு சேத்தேன். அவளுக்காக நான் என்னவெல்லாம் செஞ்சிருக்கேன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

அந்தக் கோச்சிங்குல பர்னபாஸ் சாருன்னு ஒருத்தர். அவரு மத்தவங்கள மாதிரி ஒரு நாளைக்கு இத்தன வார்த்தைன்னு மனப்பாடம் பண்ணச் சொல்ல மாட்டாரு. வினைச்சொல்லப் பிடிங்க, அது எங்க இருந்து வந்துச்சுன்னு பாருங்க, மத்த வார்த்தையெல்லாம் அது பின்னாலயே வந்துரும்பாரு. அவ வந்து வீட்டுல சொன்னதும் எனக்குப் பிடிச்சுப் போச்சு. இப்பம் லத்தீன்னு ஒரு பழைய பாஷ இருக்குலா, அதுல போர்ட்டாரேன்னா சொமக்கது. ரயிலடியில போர்ட்டர் நிக்கான் பாருங்க, அவன் அந்த வழிதான். வெளிய சொமந்துட்டுப் போனா எக்ஸ்போர்ட். உள்ள சொமந்துட்டு வந்தா இம்போர்ட். சேதியத் திருப்பிச் சொமந்துட்டு வந்தா ரிப்போர்ட். கீழ நின்னு தாங்கினா சப்போர்ட். அட, இவ்வளவுதானா, இதுக்கா பள்ளிக்கூடத்துல அடி வாங்கினோம்னு ஆயிட்டு எனக்கு.

நான் அதுக்கு ஒரு பேரு வச்சேன், வகையறான்னு. நம்ம ஊருல கேப்பாவள்லா, நீங்க எந்த வகையறான்னு. தாத்தா பேரச் சொன்னா பங்காளி, மச்சான் எல்லாம் வெளிய வந்துரும்லா. அதே மாதிரி இது போர்ட் வகையறா, இது மிட் வகையறா. மிட்டேரேன்னா அனுப்புதது. ஆஸ்பத்திரிக்குள்ள அனுப்பினா அட்மிட். போயிட்டு வான்னு விட்டா பெர்மிட். இப்பிடி ஒவ்வொரு வகையறாவா கடை ஷட்டருக்கு உள்பக்கம் சாக்பீஸால எழுதிப் போட்டிருப்பேன். அவ டூட்டி முடிச்சு நேரா கடைக்கு வருவா. ஸ்டூல்ல உக்காந்து வாழைக்கா பஜ்ஜி தின்னுக்கிட்டே சொல்லுவா. தப்பாச் சொன்னா பஜ்ஜியப் பிடுங்கிருவேன். வேணும்னே தப்பாச் சொல்லுவா அண்ணாச்சி. பிடுங்குவேன்லா, அப்ப சிரிப்பா. அந்தச் சிரிப்பு இருக்கே… சவத்த விடுங்க.

பரிட்சையில பாஸாயிட்டா. வேலையும் கெடச்சிட்டு. கெளம்புததுக்கு முந்தி அவ வீட்டுல எல்லாருக்கும் பிரியாணி போட்டாவ. அங்க வச்சு ஜெயசிங் கேக்கான், 'தங்கச்சி முன்னால போறா, சரி. பின்னால இவரும் போனா மிக்ஸி மெக்கானிக் அங்க யாருகிட்ட என்ன பேசுவாரு, ஜாருகிட்டயா?' பந்தியே சிரிச்சுது. பியூலா மட்டும் சிரிக்கல, எலைய மூடிட்டு எந்திச்சிட்டா. எனக்கு அன்னைக்கு எறங்கின சோறு இன்னைக்கு வரைக்கும் செமிக்கல.

அதான் திருவனந்தபுரம் ஏர்ப்போர்ட்டுல வச்சு அவகிட்ட சட்டம் போட்டேன். மத்த நாளு அவளுக்கு டூட்டி, எனக்குக் கடை, மெசேஜ் போடுததோட சரி. ஞாயித்துக்கிழமதான் பேச முடியும். அந்த ஞாயித்துக்கிழம முழுக்க இங்கிலீஷ்தான். தமிழ் கிடையாது. ஒரு ஞாயிறுக்கு ஒரு வினைச்சொல்லு. அது என்ன சொல்லுன்னு முன்கூட்டியே சொல்ல மாட்டேன், போன எடுத்த பெறவுதான் சொல்லுவேன், அப்பத்தான் அவளுக்கும் பழகும், எனக்கும் பழகும்னேன். அவ அழுதுக்கிட்டே தலைய ஆட்டினா. அழாத புள்ள, நான் நல்லா இங்கிலீஷ் பேசிக்கிட்டு உன் பின்னாலயே வந்துருவேன்னு சொன்னேன். மனசார சொன்னேன் அண்ணாச்சி.

மொதல்ல எல்லாம் திணறுவா. 'அத்தான், இங்கன என்னாச்சு தெரியுமா'ன்னு ஆரம்பிப்பா. நோ டமில்னுருவேன். 'இந்த ஒண்ண மட்டும் சொல்லிக்கிடுதேன் அத்தான்'பா. நோன்னா நோதான். கேக்காமப் பேசினா கட் பண்ணிருவேன். ரெண்டு மூணு தடவ பண்ணியும் இருக்கேன். வைராக்கியம் வேணும்லா? ஒருத்தராவது கண்டிப்பா இருந்தாத்தான காரியம் நடக்கும். கட் பண்ணிட்டு நான் என்ன சும்மாவா இருந்தேன், கடைக்குள்ள போயி அவ உக்காருத ஸ்டூலப் பாத்துக்கிட்டே இருப்பேன்.

அவ எவ்வளவு நல்லா வந்தான்னு ஒரு உதாரணம் சொல்லுதேன் கேளுங்க. அவ அங்க போன அதே வருசம், குளிரு ஆரம்பிச்ச சமயம். அன்னைக்கு நான் ஷட்டருல எழுதி வச்சிருந்தது டேக். அது லத்தீன் இல்ல. வடக்க இருந்து கப்பல்ல இங்கிலாந்துக்குக் கொள்ளையடிக்க வந்தானுவளாம், அவனுவ குடுத்துட்டுப் போன வார்த்தையாம். எடுக்க வந்தவன், எடுன்னு ஒரு வார்த்தையக் குடுத்துட்டுப் போயிருக்கான், பாத்தியளா வேடிக்கைய. அதச் சொல்லணும்னு ஆசையா போனப் போடுதேன், எடுத்த ஒடனே அவ தமிழ்ல ஆரம்பிச்சிட்டா. 'அத்தான், என்ன வந்து கூட்டிட்டுப் போயிருங்க'ன்னா. குரலு கரகரன்னு இருந்துச்சு, அங்க குளிருலா. எனக்குன்னா ஒரே சந்தோஷம். கூட்டிட்டுப் போன்னாலும் டேக்தான! இன்னைக்குப் பாடமே அதுதான் புள்ள, எங்க, இங்கிலீஷ்ல சொல்லுன்னேன்.

பேச்சக் காணோம். லைன் போயிட்டோன்னு பாத்தா இல்ல, மூச்சு விடுதது கேக்கு. ட்ரை, ட்ரைன்னேன். கொஞ்சம் கழிச்சு மெதுவாச் சொன்னா. 'டேக் மீ ஹோம்.'

என்ன சுத்தம் தெரியுமா அண்ணாச்சி? நம்மாளுவ யாரா இருந்தாலும் டேக் மீ டு ஹோம்னு நடுவுல ஒரு டு-வச் செருகிருவாவ. அவ செருகல. எனக்குப் பெருமை தாங்கல. வெரி குட்னேன். போனத் தோளுல இடுக்கிக்கிட்டுக் கையக்கூடத் தட்டினேன். அப்புறம் டேக் கேர், டேக் ரெஸ்ட், டேக் ஆஃப்னு பூரா வகையறாவையும் நானே வரிசையாச் சொல்லி முடிச்சேன். அவ ம், ம்னு கேட்டுக்கிட்டா.

அந்த ஞாயித்துக்கிழமைக்குப் பெறவு அவ தமிழே பேசல. நான் போட்ட சட்டத்த என்னவிட அவதான் நல்லாப் பிடிச்சுக்கிட்டா. இங்கிலீஷ் அப்பிடி ஓட ஆரம்பிச்சிட்டு. எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது, யெஸ் யெஸ்ஸுன்னுக்கிடுவேன். பேரச் சொல்லிக் கூப்புட ஆரம்பிச்சா. இஸ்ரவேல்னு. இங்கிலீஷ்ல அத்தானுக்கு ஒரு வார்த்தை கிடையாதே, வேற எப்பிடிக் கூப்புடுவான்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு தடவ பின்னால ஆளுவ சிரிக்கச் சத்தம் கேட்டுது. அவளும் சிரிச்சா. அது பஜ்ஜி சிரிப்பு இல்ல, வேற மாதிரி இருந்துச்சு. நீங்க நெனக்கது எனக்குத் தெரியுது. இல்ல, அவ அப்பிடிப்பட்டவ இல்ல. தெருவுல நாலு பேரு நாலு விதமாச் சொன்னானுவ, ஒருத்தன் பல்ல ஒடைக்கப் போயிட்டேன்.

நீங்க போயிருக்கலாம்லான்னு கேப்பிய. எல்லாரும் அதான் கேக்காவ. வீட்டுக்காரருக்குப் பரிட்சை எல்லாம் தேவையில்ல, சும்மா கெளம்பி வாங்கன்னு அவளும் சொன்னா. நான்தான் மாட்டேன்னேன். சும்மா போயி அவ வீட்டுல உக்காந்து திங்கவா? பரிட்சை எழுதி, மார்க்க ஜெயசிங் மூஞ்சியில காட்டிட்டுத்தான் பிளேன் ஏறுவேன்னு நின்னேன். எழுதினேன். படிக்கது, எழுதுதது எல்லாத்துலயும் நல்ல மார்க்கு. பேசுததுலதான் ஊத்திக்கிட்டு.

ஒரு வெள்ளைக்கார அம்மா எதுக்க உக்காந்து, உங்க குடும்பத்துல உங்களுக்குப் பிரியமான ஒருத்தரப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டாவ. மை வைஃப் நேம் இஸ் பியூலா, ஷி இஸ் அ நர்ஸ்னேன். அவ்வளவுதான். அதுக்கு மேல வரல. மனசுக்குள்ள என்னவெல்லாமோ ஓடுது. சிரிச்சா மேல ஒரு பல்லு மட்டும் முன்னால வந்து நிக்கும். பஜ்ஜியில மொதல்ல ஓரத்தத்தான் கடிப்பா. டூட்டியில யாராவது செத்துட்டா அன்னைக்கு வீட்டுக்கு வந்து பேசாம வெங்காயம் உரிப்பா, கேட்டா வெங்காயம்பா. இதையெல்லாம் சொல்ல ஷட்டரு பூரா எழுதி வச்ச ஒரு வகையறாவும் ஒதவிக்கு வரல. அந்த அம்மா தண்ணி குடிங்கன்னு கிளாஸ நீட்டினாவ. மறுபடியும் எழுதினேன், மறுபடியும் அதே கததான்.

பெறவு ஒரு ஞாயித்துக்கிழம. நான் வினைச்சொல்லச் சொல்லுததுக்கு முன்னாலயே அவ சொன்னா. 'இஸ்ரவேல், ஐ வாண்ட் டு செப்பரேட்.'

புரிஞ்சுது அண்ணாச்சி. புரியாம என்ன? ஆனா பயத்துல என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? பராரே. லத்தீன்ல பராரேன்னா ஆயத்தம் பண்ணுதது. முன்கூட்டி ஆயத்தம் பண்ணினா பிரிப்பேர். மறுபடி ஆயத்தம் பண்ணினா ரிப்பேர். தனியா ஆயத்தம் பண்ணி வச்சா செப்பரேட். மூணும் ஒரே தாத்தாவுக்குப் பேரப்பிள்ளையன்னு அவகிட்ட இங்கிலீஷ்ல சொன்னேன். கிறுக்குத்தனம்தான், தெரியுது. ஆனா நான் சொல்ல வந்தது என்னன்னா, அதுவும் இதுவும் ஒரே ரத்தம்னா, நான் ரிப்பேர்காரன்லா, ஒரு வழி இருக்கும்லா, பிரியாத புள்ளன்னு சொல்ல வந்தேன். அதச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரல.

அப்புறம், அவ்வளவு காலத்துக்குப் பெறவு, தமிழ்ல சொன்னா. 'அன்னைக்கே உங்ககிட்ட கேட்டேன் அத்தான். அப்பமே செஞ்சிருந்தா…' அதோட வச்சிட்டா. அதுக்குப் பெறவு என் போன எடுக்கவே இல்ல.

என்ன கேட்டா? அதான் எனக்குத் தெரியணும். மண்டைய ஒடச்சுக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. சோறு எறங்க மாட்டேங்கு. ஜாரக் கழத்திட்டு எந்த ஜாரு எந்த மிக்ஸிக்குன்னு மறந்துபோயி உக்காந்திருக்கேன். அவ எதையுமே கேக்குத ஆளு இல்ல. கல்யாணத்துக்கே என்ன கலர் சேலை வேணும்னா, உங்களுக்குப் பிடிச்சது எடுங்கன்னவ. அப்பிடிப்பட்டவ என்னைக்கு, என்னத்தக் கேட்டிருப்பா? பிள்ள இல்லையே, டாக்டர்கிட்ட போவோம்னு கேட்டிருப்பாளோ? அவ அம்மாவ நம்மகூட வச்சுக்கிடுவோம்னு கேட்டிருப்பாளோ? அவ பேசின ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையையும் ஓட்டி ஓட்டிப் பாத்துட்டேன். ஒரு தடவ, ஹியர் நோ கோகனட் சட்னி, ஹியர் மிக்ஸி நாட் குட்னு சொன்னா. மொத வருசம் அது. அதாத்தான் இருக்கணும்னு நெனச்சு இதப் பூட்டினேன். அந்த ஊரு ப்ளக்கு வேற மாதிரி, மூணு காலும் தட்டையா இருக்கும். அதத் தேடிப் பிடிச்சு மாட்டியிருக்கேன். தேங்காயப் போட்டா வெண்ண மாதிரி அரைக்கும். ஆனா ஒரு மிக்ஸிக்காகவா ஒருத்தி பிரிவா? எனக்கே நம்பிக்கை இல்ல.

ஜெயசிங்தான் அவ மனசக் கலைச்சிருப்பான். இல்ல, அந்த ஊருக் குளிருதான் ஆள மாத்திட்டோ என்னமோ. நான் என்ன கொற வச்சேன், சொல்லுங்க. குடியா, சீட்டாட்டமா? ஒரு ஞாயித்துக்கிழம தவறியிருப்பேனா? காய்ச்சல்லகூடக் கூப்பிட்டிருக்கேன்.

கரண்டு எடுக்குத காத்தாடி எல்லாம் தெரியுது, ஆரல்வாய்மொழி வந்துட்டு. இனி கொஞ்ச நேரந்தான். நான் கேக்கப் போறத ஒரு தடவ சொல்லிப் பாக்கட்டுமா? வாட் டிட் யூ ஆஸ்க் மீ தட் டே? சரியா இருக்கா? தடுமாறாம வருதுலா? தமிழ்லயே கேளுங்கன்னு சொல்லுதியளா? இல்ல அண்ணாச்சி. சட்டம் போட்டவன் நானு, நானே மீறக் கூடாது. இவ்வளவு நாளா இந்த மனுசன் சும்மா இருக்கலைன்னு அவளுக்குத் தெரியணும். அத வச்சாவது என்ன ஒரு தடவ ஏறெடுத்துப் பாப்பால்லா.

நீங்க ஏன் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கிய? எதுவும் சொல்லணும்னா சொல்லுங்க. உங்களுக்கு வயசு இருக்கு, அனுபவம் இருக்கு. பொம்பளைப் பிள்ளையப் பெத்தவருன்னு வேற சொன்னிய. ஒரு நர்ஸு, அவ்வளவு தூரத்துல ஒத்தையில இருக்கவ, புருசன்கிட்ட என்னத்தக் கேட்டிருப்பா?

என்னது? சத்தமாச் சொல்லுங்க.

கூட்டிட்டுப் போகச் சொன்னாளேவா?

அது பாடம்லா அண்ணாச்சி. நான்தான் சொன்னேன்லா, அன்னைக்கு டேக். அவ சரியாச் சொன்னா, நான் வெரி குட்னு சொல்லிட்டேன். அது இதுல சேராது.

ஆமா, மொதல்ல தமிழ்லதான் சொன்னா. நான் வார்த்தையச் சொல்லுததுக்கு முன்னாலதான். ஷட்டருல நான் எழுதி வச்சிருந்தது அவளுக்குத் தெரியாதுதான். அங்க இருக்கவளுக்கு எப்பிடித் தெரியும்.

தெரியாதுலா.

அண்ணாச்சி, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் தொறந்து விடுதியளா? இல்ல, தொண்ட கட்டினா கட்டட்டும். தொறந்து விடுங்க.